ஐந்தாவது ஆப்பும் அலமாரிச் சேவலும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் ரத்தக் கொதிப்பு என்னைவிட நலம். அங்கே நீங்களும், உங்களைக் கட்டி மேய்க்கும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார், அதையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் அனுப்புகிறார் என்று யோசிப்பீர்கள். போனில் எழுதினால் உங்கள் போனை அவள் பார்ப்பாள். வீட்டுக்கு எழுதினால் உறையை அவள் பிரிப்பாள். வளர்த்தவனுக்குத் தெரியாதா? இது ஆம்பளைகள் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டிய சமாச்சாரம். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். கிழிப்பதற்கு முன்னால் கடைசிவரை படியுங்கள்.

நான் அனுப்பிய ஆப் படங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் போனில் கேட்ட கேள்வி நியாயமானது. 'மாமா, ஒரே மாத்திரை, ஒரே வாய். நாலு ஆப்ல தினமும் போட்டாச்சுன்னு பச்சையா இருக்கு. அஞ்சாவதுல மட்டும் தினமும் தவறியதுன்னு சிவப்பா இருக்கே, அது எப்படி?' என்று கேட்டிருந்தீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் காது கேளாதவன் மாதிரி இருந்திருப்பேன். கீழே இன்னொன்றும் போட்டிருந்தீர்கள்: 'அடுத்த வாரம் மீட்டிங் மாமா. குடும்பத்துக்கு போன் பண்ணிச் சொல்ற வசதி அந்த ஒரு ஆப்லதான் இருக்கு. உங்ககிட்ட அது சுத்தமா எடுபடல. நம்ம ஆப்ல அது வேண்டாம்னு சொல்லிடப் போறேன்.' இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டு அலமாரி விவகாரத்தை நம்பி உங்கள் கம்பெனி ஒரு முடிவெடுத்து, அதனால் எங்கோ ஒரு கிழவர் மாத்திரையை மறந்து விழுந்து கிடந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஆகவே உண்மையை எழுதிவிடுகிறேன். ஆனால் வரிசையாகத்தான் எழுத வரும். முப்பது வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்த்தவன் நான். முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் எனக்குக் கை ஓடாது.

போன முறை நீங்களும் அவளும் வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'மாமா, நாங்க ஒரு மாத்திரை ஆப் பண்றோம். அதுக்கு முன்னாடி போட்டியாளருங்க எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பாக்கணும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் சின்னப் பசங்க, தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவங்க. நீங்க அஞ்சையும் கொஞ்ச நாள் வச்சுப் பாத்து, எங்கெங்க சிக்கிக்கிறீங்கன்னு சொன்னாப் போதும்' என்று சொல்லி, என் போனை வாங்கி அஞ்சு ஆப்பையும் இறக்கிக் கொடுத்தீர்கள். எங்கள் காலத்தில் ஒருத்தனுக்கு ஒரு ஆப்பு வைத்தாலே அவன் எழுந்திருக்க மாட்டான். எனக்கு மாப்பிள்ளையே கைப்பட அஞ்சு வைத்துவிட்டுப் போனீர்கள். கோபமில்லை. பெண்டாட்டி போன வீட்டில் ஒரு மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக நீங்கள் தேடிப் பிடித்த வேலை இது என்று எனக்குத் தெரியாமலில்லை. பெற்ற மகளுக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியது. அதை நினைத்து, உங்களை வண்டியேற்றிவிட்டு வந்தபின் கொஞ்சம் அழுதேன். அது கிடக்கட்டும்.

முதலில் எனக்கு மனசாட்சி உறுத்தியது. எதிராளி கடையில் ஓசியில் சாப்பிட்டுவிட்டு, உப்பு கூட, எண்ணெய் கம்மி என்று நம் கடைக்காரரிடம் வந்து ஓதுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதுவல்லவா இது? உங்களிடம் கேட்டதற்கு, 'எல்லாரும் எல்லாரோடதையும் பாக்கறதுதான் மாமா. நம்மளோடதை அவங்களும் பாப்பாங்க' என்றீர்கள். அப்புறம்தான் மனசு ஆறியது. எங்கள் அச்சகத்திலும் அப்படித்தான். எதிர் அச்சகம் போட்ட காலண்டரை வாங்கி வந்து பிழை தேடிச் சிரிப்போம். அவர்கள் நம்முடையதை வைத்துச் சிரிப்பார்கள். ஒரு வருஷம் நாங்கள் ஒரு மாதத்துக்கு முப்பத்திரண்டாம் தேதியே போட்டோம். அந்த வருஷம் அவர்கள் சிரித்தது தெருமுனைவரை கேட்டது.

சரி, ஆப்புகளுக்கு வருகிறேன். முதல் ஆப் பார்க்க லட்சணமாக இருக்கிறது, ஆனால் வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறது. மாத்திரையின் பெயரைச் சொல்லலாம் என்று போனால், உயரம் என்ன, எடை என்ன, எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், உங்கள் லட்சியம் என்ன என்று பெண் பார்க்க வந்தவர்களைவிட மோசமாக விசாரிக்கிறது. எழுத்து எறும்பு எறும்பாக இருந்தது, கண்ணாடியைத் தேட எழுந்தால் பக்கம் அணைந்துபோகிறது, அவசரத்தில் எதையோ 'ஆம்' என்று அமுக்கிவிட்டேன். அது கர்ப்பமா என்ற கேள்வி என்பது மறுநாள்தான் தெரிந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சம்பழம் அளவு' என்று செய்தி வந்தது. எங்கே போய் மாற்றுவது என்று தேடினேன், வழியே இல்லை. பின்னால் போகும் பொத்தானை ஒளித்துவைத்தவன் எவனோ அவன் நன்றாக இருக்கட்டும். இந்த வாரம் குழந்தை கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஆப் எதற்கெடுத்தாலும் கைதட்டுகிறது. மாத்திரையை விழுங்கி 'போட்டாச்சு' என்று அமுக்கினால் திரை முழுக்க வண்ணக் காகிதம் பறக்கிறது, 'சபாஷ்! வெற்றி வீரரே!' என்று ஒரு கோப்பை வருகிறது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை விழுங்குவதில் என்ன வீரம் என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்காத கோப்பையெல்லாம் இப்போது என் போனுக்குள் இருக்கிறது. யாரிடமாவது காட்டலாம் என்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

எல்லாம் காலை எட்டு மணிக்கு ஒரே சமயத்தில் அலறும்படி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதன் பலனை முடிதிருத்தும் கடையில் அனுபவித்தேன். கூட்டமிருக்காதென்று காலையிலேயே போய் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கடைக்காரர் மீசையின் வலது பக்கத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் ஒன்று மணியடித்தது, ஒன்று விசில் ஊதியது, ஒன்றிலிருந்து ஒரு பெண் 'மருந்து நேரம்! மருந்து நேரம்!' என்று கத்தினாள், இன்னொன்று கிடுகிடுவென்று நடுங்கியது. கடைக்காரர் கை ஒரு துள்ளு துள்ளியது. வலது மீசை போயே போய்விட்டது. 'ஐயா, போன் வரும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?' என்றார். 'வந்தது போன் இல்லப்பா, போட்டியாளருங்க' என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இடது பக்கத்தையும் எடுத்துச் சமன் செய்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு ஆள் நிற்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் வைத்த மீசை அது. உங்கள் மாமியார் இருந்திருந்தால் ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். சிரிக்க ஆளில்லாவிட்டால் அது வேடிக்கையே இல்லை மாப்பிள்ளை, வெறும் விபத்து.

மூன்றாவது ஆப்பைப் பற்றி என் தொழில்முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஏதோ ஒரு இயந்திரம் தமிழ் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரு நாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. போனை எடுத்தால், 'இன்று காலை 8 மணிக்கு நீங்கள் தவறிவிட்டீர்கள்' என்று இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'சரி'. இன்னொன்று 'பிறகு நினைவூட்டு'. நான் என் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. 'சரி' என்று அமுக்கினால் செத்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'பிறகு நினைவூட்டு' என்றால் இன்னொரு தடவை சாக வேண்டும். மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 'தவறிட்டீங்கன்னு வந்தப்புறம் மாத்திரை எதுக்கு சார், மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க' என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அவள் போன அன்றைக்கு ஒவ்வொருவருக்காக போன் செய்து நான் சொன்னதும் இந்த வார்த்தைதான். 'காலையில தவறிட்டா.' பிழை திருத்தியே சோறு தின்றவன், அத்தனை பேரிடம் சொன்னேன், ஒரு தடவைகூட அந்த வார்த்தை எனக்கு இடறவில்லை. அவள் எதைத் தவறினாள்? சொன்ன சொல் தவறியவளா, பார்க்க வேண்டிய ஒருத்தரைப் பார்க்கத் தவறியவளா? உங்கள் ஆப்பில் அந்த வார்த்தை வேண்டாம். 'இன்னும் போடவில்லை' என்று போடுங்கள். அதில் இன்னும் நேரமிருக்கிறது என்று ஒரு அர்த்தம் இருக்கிறது.

நாலாவது ஆப் நடுங்குவதைத் தவிர வேறு ஒரு பாவமும் அறியாதது. அதை விட்டுவிடுவோம்.

ஐந்தாவதுக்குப் போவதற்கு முன்னால், உங்கள் ஆராய்ச்சியில் விட்டுப்போன ஒரு போட்டியாளரைச் சேர்க்க வேண்டும். எனக்கு மாத்திரை நினைவூட்டும் ஏற்பாடு ஒன்று இந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அது மணியடிக்காது, கைதட்டாது. நான் காலையில் பேப்பர் படிக்கும்போது ஓசைப்படாமல் பின்னால் வந்து, எந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேனோ சரியாக அந்த வரியின்மேல் மாத்திரையை வைத்துவிட்டுப் போய்விடும். மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் மாத்திரையை எடுத்தாக வேண்டும். எடுத்தபின் விழுங்காமல் என்ன செய்வது? நான் எந்த வரியில் இருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கடைசிவரை கேட்கவில்லை. இதை உங்கள் ஆப்பில் எப்படிச் செய்வீர்களோ எனக்குத் தெரியாது. செய்ய முடியாது என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்குள் பேச்சு கம்மி, குறிகள் அதிகம். புரூஃபில் ஒரு சொல் வேண்டாமென்றால் குறுக்கே கோடு போடுவோம். கோடு போட்டபின், 'ஐயோ, அது சரிதான், அடித்தது என் தப்பு' என்று தெரிந்தால், அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைப்போம். அடித்த சொல் அப்படியே இருக்கட்டும், கைவைக்காதே என்று அர்த்தம். டாக்டர் சொன்னாரென்று மளிகைச் சீட்டில் சர்க்கரையை நான் அடித்தால், நான் குளித்துவிட்டு வருவதற்குள் சர்க்கரைக்குக் கீழே புள்ளி முளைத்திருக்கும். அம்மாவைப் பார்த்து மகளும் கற்றுக்கொண்டாள். அவள் போக வேண்டாமென்று நான் அடித்த சுற்றுலா, வாங்க வேண்டாமென்று அடித்த சைக்கிள் எல்லாம் புள்ளி வைத்தே உயிர் பிழைத்தவை. உங்கள் பெயரைக்கூட நான் முதலில் அடித்தேன் மாப்பிள்ளை. தப்பாக நினைக்காதீர்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து புள்ளி வைத்தார்கள். நல்ல புள்ளிதான்.

இப்போது ஐந்தாவது. அதில் குடும்பத்தில் ஒருவருடைய எண்ணைக் கொடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடமாட்டேன் என்கிறது. நாம் மாத்திரை போட்டதாக அமுக்காவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து அந்த எண்ணுக்குத் தானாகவே போன் செய்யும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்திலேயே ஒன்றுதான். மகளுடைய எண் இதே போனுக்குள் இருக்கிறது, அதைப் பார்க்க வெளியே வந்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது, மறுபடி உயரம் எடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எண் வேண்டுமே என்றுதான் உங்கள் மாமியார் எண்ணைப் போட்டேன். வேறு நினைப்பு அப்போது இல்லை. அவள் போன் அலமாரிக்குள் அவள் துணிகளின்மேல் இருக்கிறது. அணைக்க மனசு வரவில்லை. சார்ஜர் வயரைக் கதவிடுக்கில் விட்டிருக்கிறேன். அலமாரியைத் திறப்பதில்லை. திறந்தால் வாசம் வெளியே வந்து தீர்ந்துவிடுமோ என்று ஒரு பயம்.

அவள் போன் மணி உங்களுக்கு நினைவிருக்கும். சேவல். காது மந்தமானபின் வேறெதுவும் கேட்கவில்லையென்று கடைக்காரரிடம் சொல்லிச் சேவலை வைத்துக்கொண்டாள். அந்த போனில் அவள் பேசுவதும் மகளோடு மட்டும்தான், அதுவும் மகளுக்கு ஆபீஸில் சாப்பாட்டு வேளை பார்த்து. இங்கே நான் தட்டின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். போனை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள். சேவல் கூவும். நான்தான் கட்டிலுக்கடியிலும் துணிக்கூடையிலும் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். இது இந்த வீட்டின் தினசரி வேலை.

முதல் நாளே மாத்திரையை விழுங்கிவிட்டு, நாலு ஆப்பில் அமுக்கிவிட்டு, ஐந்தாவதில் அமுக்க மறந்துபோனேன். பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தேன். உள்ளறையில் சேவல் கூவியது. நான் தலையைத் தூக்காமலே, 'இந்தாம்மா, உன் சேவல் கூவுது, எடு!' என்று கத்தினேன். கத்திவிட்டு அடுத்த வரியைப் படித்தேன் மாப்பிள்ளை. அடுத்த வரியையும் படித்தேன். அப்புறம்தான் புரிந்தது. சேவல் இன்னும் கொஞ்சம் கூவி நின்றது. அந்த இரண்டு வரி படித்த நேரம் அவள் வீட்டில் இருந்தாள். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அழுதேன். அழுது முடித்தபின், நாளைக்கும் மறக்கலாமே என்று தோன்றியது.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். மாத்திரையை ஒரு நாளும் நான் விடவில்லை, நாலு ஆப்பும் சாட்சி. ஐந்தாவதிடம் மட்டும் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என்னை நம்பி, ஒவ்வொரு நாளும் அவளைக் கூப்பிட்டுச் சொல்கிறது. ஆகவே அந்த வசதி எடுபடவில்லை என்று தயவுசெய்து மீட்டிங்கில் சொல்லிவிடாதீர்கள். அஞ்சு போட்டியாளரில் அது ஒன்றுதான் சொன்னதைச் செய்கிறது. தப்பு செய்தவன் பயனர். என்னைத்தான் நீங்கள் அப்படி அழைக்கிறீர்கள் என்று மகள் சொன்னாள். வாழ்நாளில் என்னால் பயன் உண்டு என்று யாரும் சொன்னதில்லை, அதனால் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. நம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் கதவைத் தட்டினார். மாடி வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறாராம். 'சார், அடுக்குமாடியில கோழி வளக்கக்கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமில்ல?' என்றார். 'என்கிட்ட ஏதுங்க கோழி?' என்றேன். 'கோழி இல்ல சார், சேவல். தினமும் எட்டரைக்குக் கூவுது. எல்லாருக்கும் கேக்குது' என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து பால்கனியைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்து, 'பா, பா' என்று கூப்பிட்டும் பார்த்தார். அலமாரிப் பக்கம் வந்து கைப்பிடியில் கை வைத்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. 'அதத் தொடாதீங்க!' என்று அதட்டினேன். மனுஷர் ஆடிப்போய்விட்டார். அப்புறம் என் மழித்த மூஞ்சியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கீழிடுக்கில் போகும் வயரைப் பார்த்தார். கடைசியில், 'சரி சார், சேவல நல்ல இடமாப் பாத்து விட்டுருங்க' என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். நானும் பார்க்கிறேன் என்றேன். அவர் சேவலைத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அந்த ஆப்பில் ஒரு குறையும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரை காலையில் மட்டும்தான். ஆனால் சேவல் சில நாள் மத்தியானத்திலும் கூவுகிறது. அதுவும் முழுசாக இல்லை, ஒரே ஒரு கூவு, அதுவும் பாதியில் நறுக்கென்று நின்றுவிடுகிறது. எந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லாமல் எதற்காகக் கூவுகிறது? கணக்கு எழுதியவன் எங்கோ பிசகியிருக்கிறான். போட்டியாளரின் இந்தப் பலவீனத்தை மீட்டிங்கில் தாராளமாகச் சொல்லி நல்ல பேர் வாங்குங்கள். மாமனார் உளவு வீண் போகவில்லை என்று இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். 'அப்பா, அம்மா நம்பரைக் குடுத்துடலாம்ப்பா. இந்த மாசத்தோட நிறுத்திடலாம். வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?' என்றாள். 'பாக்கலாம்மா' என்றேன். 'எத்தனை நாளைக்குப்பா? நமக்கும் மனசு ஆறணுமில்ல?' என்றாள். அவள் குரல் உடைகிற மாதிரி இருந்தது. உடைவதற்குள் 'சரி வைக்கிறேன்' என்று வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதில் பிழையில்லை. அவள் சின்னவள், அவளுக்கு மனசு ஆறட்டும். கிழவன் ஒருவனுக்குத் தினமும் சேவல் கூவ வேண்டுமென்பதற்காகப் பெற்ற பெண்ணின் புண்ணைக் கிளறிக்கொண்டிருப்பது நியாயமில்லை. செயலாளருக்கும் நிம்மதி. ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஐந்தாவது ஆப்பில் இனிமேல் உண்மை பேசுவேன். இந்த உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது பாருங்கள். அதில் அவள் அம்மாவின் எண்ணை எழுதிக் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் மகளிடம் காட்டுங்கள். அப்பா சம்மதித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வாள். வாயால் சொல்ல எனக்கு வராது. கோடு நேராக விழவில்லை, அது பேனாவின் தப்பு.

உங்கள் ஆப் நல்லபடியாக வளர்ந்து போட்டியாளர்களெல்லாம் உங்களுடையதை இறக்கிப் பார்த்து வயிறெரியட்டும். மகளை இரண்டு வாய் கூடச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள். என் வயிற்றிலிருக்கும் கத்தரிக்காயும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறது. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் போனைத் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்,
பயனர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டியாகிவிட்டது. கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். உறை சுருங்கியிருந்தால் மன்னிக்கவும். ஒட்டியபின், சொன்னால் செய்துவிட வேண்டுமென்று அவள் போனை அணைப்பதற்காக அலமாரியைத் திறந்தேன். வாசம் அப்படியேதான் இருக்கிறது, குறையவில்லை. போனைக் கையில் எடுத்தேன். மணி மத்தியானம் ஒன்று இருக்கும். கையிலேயே சேவல் கூவியது. பயந்து கீழே போட்டிருப்பேன். திரையில் 'ராங்கி' என்று வந்தது. நம் மகளை அவள் அம்மா அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாள். எடுப்பதா வேண்டாமா என்று நான் திணறுவதற்குள் பாதிக் கூவலில் நின்றுவிட்டது. கீழே பார்த்தால், தவறிய அழைப்புகள் என்று போட்டு, ஆப்பின் எட்டரை மணி அழைப்புகளுக்கு நடுவே ராங்கி, ராங்கி, ராங்கி என்று போய்க்கொண்டே இருக்கிறது. நேற்றும் உண்டு. நம்பரைக் கொடுத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னாளே, அதற்கு மறுநாளும் உண்டு. எல்லாம் சாப்பாட்டு வேளை.

ஆகவே மேலே நான் எழுதியதில் சில திருத்தங்கள். மத்தியானம் கூவுவது ஆப்பின் குறை இல்லை, மீட்டிங்கில் அதைச் சொல்லாதீர்கள். நம்பரைக் கொடுக்க வேண்டாம். எனக்குத் தெரியும் என்று அவளிடம் வாய் திறக்காதீர்கள், மத்தியானம் நான் அலமாரிப் பக்கமே போகமாட்டேன், அந்த வேளை அவளுடையது. துண்டுக் காகிதத்தை மட்டும் மறக்காமல் காட்டுங்கள். அடித்த எண்ணுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியும்.